நண்டுக்கேற்ற மணல்பதம்

அந்தப் பதினான்கு வரிகளை நான் எழுத நேர்ந்தது, ஒரு விளம்பரம் வராமல் போனதால். எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். திருவள்ளூரிலிருந்து ரயிலில் போய்வருவேன். ஞாயிறு மலரின் ஏழாம் பக்கத்தில், வலப்பக்கம், அடியில், மூன்று அங்குல இடம் காலியாக நின்றது. அச்சுக் கோப்பவர் வாசற்படியில் வந்து நின்றுவிட்டார். பழைய ஆங்கில வார இதழ் ஒன்றில், கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதைப் பற்றிப் படித்திருந்தேன். காலிச் சங்குக்குள் புகுந்துகொண்டு, அதைச் சுமந்தபடியே நடக்கும் நண்டைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. நினைவிலிருந்து பன்னிரண்டு வரி எழுதினேன். இன்னும் இரண்டு வரி வேண்டும் என்றார் அவர். "கடல்நீர் கிடைக்காதவர்கள் ஒரு படி நீருக்கு ஒரு கைப்பிடி உப்பு கலந்து அதில் விடலாம்" என்று சேர்த்தேன். அந்த வரி அந்த இதழில் இல்லை. எங்கேயும் இல்லை. பக்கம் நிறைந்தது.

மூன்று வாரம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. பென்சிலால், எழுத்துக்கூட்டி எழுதியது. கவரைப்பேட்டையிலிருந்து.

"ஐயா, உங்கள் பேப்பரில் போட்டபடி உப்புத் தண்ணியில் விட்டேன். ஒன்று செத்துவிட்டது. ஒன்று ஏறி வெளியே போய்விட்டது, அது இருக்கிறது. உப்பு அதிகமா, கம்மியா? இருப்பதை என்ன செய்ய? பதில் போடவும்."

அட்டையைச் செய்தி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு திருத்தம் போடலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே படித்தார்.

"நண்டுக்கெல்லாம் திருத்தம் போட்டா, நாளைக்கு ராசிபலனுக்கும் போடணும்யா" என்றார். "போய் வேலையைப் பாரு."

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் எந்தத் திருத்தத்தைப் போடுவது என்று எனக்கே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. உப்பு அதிகமா, கம்மியா?

வார விடுமுறையன்று புறப்பட்டேன். திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போகாமல் பெரியபாளையம் வழியாகப் போனால் இரண்டு பேருந்து மாற வேண்டும். கவரைப்பேட்டையில் இறங்கியபோது காலை வெயில் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. அட்டையில் இருந்த முகவரி ஓர் அரிசி ஆலைக்குப் பின்புறத் தெரு. ஆலைக் களத்தில் அவித்த நெல்லைப் பரப்பியிருந்தார்கள். அதிலிருந்து ஆவி எழுந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் அந்த ஆவிக்குள் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். நெல்லில் நீளநீளமாகக் கோடு விழுந்தது. இடுப்புவரை அவர்கள் தெரியவில்லை. அதற்கு மேலே இருந்த பாதி உடம்புகள் மட்டும் காற்றில் மிதந்து போவதுபோல் இருந்தது. விசாரித்தபோது, அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் விலகி வந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கால்வரை தவிடு.

"நீங்கதானா சார் அந்தப் பேப்பரு?"

ஆமாம் என்றேன்.

"பேப்பர் படிச்ச நண்டு பூடுச்சி. படிக்காதது கீது, வந்து பாருங்க."

இரண்டே அறை உள்ள வீடு. சுவரில் மாதா படம். அரிசி டிரம்முக்கு அடியில் கையை விட்டு எடுத்தார். எலுமிச்சம்பழ அளவு சங்கு. அதன் வாயை ஓர் ஊதா நிறக் கொடுக்கு கதவுபோல் அடைத்திருந்தது. நன்றாகப் பழுத்த நாவல்பழத்தின் நிறம். தரையில் வைத்தார். பேசாமல் இருந்தோம். ஐந்து நிமிடம் கழித்துக் கொடுக்கு நகர்ந்தது. இரண்டு உணர்கொம்புகள் வெளியே வந்து காற்றைத் தொட்டுப் பார்த்தன. காம்புகளின் முனையில் கண்கள். அது எங்களைப் பார்த்ததா என்று சொல்ல முடியாது. டிரம்மை நோக்கித் திரும்பி நடந்தது.

நண்டு வந்த கதையை அவர் நின்றபடியே சொன்னார். கணவர் இறந்த வருடம் ஒரே மகன் அந்தமானுக்குச் சாலை போடும் கூட்டத்தோடு போய்விட்டான். மூன்று வருடம் வரவில்லை. இனிமேல் வரமாட்டான் என்று தெருவே சொன்னது. இந்தப் பொங்கலுக்கு வந்தான். மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஒரு பால்மாவு டப்பா. அதற்குள் இந்த இரண்டு நண்டுகள்.

"துணி இல்ல, மணி இல்ல. இதத்தான் கொண்டாந்தான். பெருசு நீயாம், சின்னது நானாம். அப்பிடி சொல்லிட்டுப் போய்ட்டான். மாசாமாசம் கடுதாசி போடறான். கடைசி வரி, நண்டுங்க சொகமா. வேற ஒண்ணும் கேக்க மாட்டான்."

"செத்துப்போனது எது?"

"சின்னது."

முழங்காலிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார்.

"அவனுக்கு இன்னும் எழுதல. கிறிஸ்மஸுக்கு வரேன்னு சொல்லிக்கீறான். ஒண்ணாவது உசுரா இருந்துச்சின்னா, இது இருக்குதுடான்னு காட்டி மத்ததச் சொல்லிப்புடுவேன். ரெண்டும் இல்லன்னா அவன் மூஞ்சில எப்பிடி சார் முழிக்கறது?"

கிறிஸ்துமஸுக்கு எட்டு மாதம் இருந்தது.

அடுத்த வாரம் நகரத்து நூலகம் ஒன்றில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்தேன். கடலுக்குள் வாழும் சங்கு நண்டு வேறு, கரையில் வாழும் சங்கு நண்டு வேறு. கரைநண்டு மீனைப்போல நீரில் மூச்சு விடாது. தன் சங்குக்குள் கொஞ்சம் நீரைச் சேமித்து வைத்து, செவுளை ஈரமாக வைத்துக்கொண்டு, காற்றைத்தான் சுவாசிக்கும். நீரில் மூழ்கவைத்தால் செத்துவிடும். உப்பு அதிகமும் இல்லை, கம்மியும் இல்லை. நண்டு நீரில் மூழ்கிச் செத்திருக்கிறது. அதைக் குறிப்பேட்டில் எழுதிக் கீழே கோடு போட்டேன்.

புத்தகத்தை மட்டும் நம்பும் தைரியம் இனி இல்லை. பழவேற்காட்டுக்குப் போய், ஏரிக்கரையில் இறால் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமும் கேட்டேன்.

"அது கரையில மேயற நண்டுப்பா. தண்ணில அமுக்கினா சாவாதா இன்னா?" என்றார். "இதக் கேக்கவா அம்மாந்தூரத்துலேர்ந்து வந்தே?"

அவரிடமே கேட்டு, ஒரு குடுவையில் கடல்நீரும் ஒரு பையில் காலிச் சங்குகளும் பெற்றுக்கொண்டேன். நண்டு வளர வளரப் பெரிய சங்குக்கு மாறும். கைக்கு எட்டும் தூரத்தில் பொருத்தமான சங்குகள் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. கொதிநீரில் போட்டு எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் வீடு திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பத்து வீடு. சமையலறையில் வெங்காயமே அளவோடுதான் நுழையும். அடுப்பில் பாத்திரத்தை வைத்தபோது அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"பெருமாள் கையில ஏந்திண்டிருக்கற வஸ்து. அத அடுப்புல போட்டுக் கொதிக்க வைக்கறயேடா, நன்னா இருக்கா?"

"இது அந்தச் சங்கு இல்லம்மா. ஒரு மாதிரி நத்தைக் கூடு."

"நத்தையா! என் அடுப்புலயா!"

கொல்லைப்புறத்தில் மூன்று செங்கல்லை வைத்துக் கொதிக்கவைத்தேன். அந்தப் பாத்திரம் பிறகு வீட்டுக்குள் வரவே இல்லை.

சின்ன நண்டு நீரில் மூழ்கித்தான் செத்தது என்று கவரைப்பேட்டைக்குப் போய்ச் சொன்னேன். இருப்பதற்குத் தொட்டி கொண்டுவந்தது அந்த அம்மையாரின் தம்பி. அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு. கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்றில் மோல்டர். வார்ப்பு அச்சுக்கு மண் கட்டுகிறவர். என்னை விட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கவும் இல்லை.

"வாங்க பேப்பர்காரரே. இன்னிக்கு எந்த ஜீவனுக்கு நாள் குறிச்சிக்கினு வந்தீங்கோ?"

ஆனால் அவர் கொண்டுவந்த தொட்டி அருமையானது. ரயில்வேயில் கழித்துப் போட்ட, பழைய காலத்து பேட்டரியின் கண்ணாடி ஜாடி. முழங்கை உயரம், சதுரம், விரல் தடிமன், இலேசான பச்சை. அமிலம் இருந்த ஜாடி என்பதால் சோடா உப்புக் கரைசலை ஊற்றி, நுரை அடங்கும்வரை இரண்டு நாள் கழுவியிருந்தார். ஜன்னலோரம் வைத்தபோது அறையின் அந்த மூலை மட்டும் ஏரிக்கு அடியில் போய்விட்டது போலிருந்தது. மூவரும் கொஞ்ச நேரம் அந்தப் பச்சை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மணலில்தான் தகராறு வந்தது. நான் பழவேற்காட்டிலிருந்து ஒரு கோணிப்பை நிறைய மணல் கொண்டுபோயிருந்தேன். ஜாடியில் கொட்டி, நண்டின் சங்கைப் போல மூன்று மடங்கு உயரம் வருகிறதா என்று அடிக்கோல் வைத்து அளந்தேன். இந்த நண்டு தோலுரிக்கும்போது மணலுக்குள் போய்க் குகை செய்து படுக்கும் என்று படித்ததைச் சொன்னேன்.

மோல்டர் மணலில் விரலால் ஒரு குழி செய்தார். குழி உடனே சரிந்து மூடிக்கொண்டது.

"இதுலயா கொகை? மேல வுயுந்து அமுக்கிப்புடும். தண்ணில சாவடிச்சது போதாதுன்னு மண்ணுலயும் சாவடிக்கணுமா?"

"ஈரமாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது."

"எத்தினி ஈரம்?"

புத்தகம் 'ஈரமாக' என்பதோடு நிறுத்தியிருந்தது. நான் அடிக்கோலைக் கீழே வைத்தேன். அவர் அதைக் காலால் ஒதுக்கினார். பிறகு மணலை முற்றத்தில் கொட்டச் சொன்னார். குளத்துக் களிமண் கொஞ்சம் உலர்த்திப் பொடித்துத் தூவினார். தேங்காய் நார்த்தூள் இரண்டு கை சேர்த்தார். என் குடுவையிலிருந்த கடல்நீரைத் தெளித்துத் தெளித்துக் காலால் மிதித்தார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கி விரலைத் திறந்தார். மணல் அவர் கையின் வார்ப்பாக நின்றது. விரல் ரேகை அதில் தெரிந்தது. இரண்டாக ஒடித்தார். உதிராமல் ஒடிந்தது, பிஸ்கட்டைப் போல.

"எங்க மண்ணு இதான். கரித்தூள் போட்டிருப்பாங்கோ, அது நண்டுக்கு ஆவாது. ஆனா பதம் இதான். ரேக தெரியணும், கையில ஒட்டக் கூடாது, ஒடச்சா பொடியாவக் கூடாது. இதுல நீ கொழாய் கூட வார்க்கலாம்."

"டேய், நண்டுக்குக் கொழாய் எதுக்குடா?" என்றார் அக்கா.

"மண்ணுக்குள்ள போனா அதுக்கு அதான் ஊடு."

மணலை நிரப்பினோம். இரண்டு கொட்டாங்குச்சிகளைப் பாதி புதைத்தோம். ஒன்றில் கடல்நீர், ஒன்றில் கிணற்று நீர். விழுந்தால் ஏறி வருவதற்கு இரண்டிலும் கூழாங்கல். ஒரு மரக்கிளைத் துண்டு. மூலையில் ஐந்து காலிச் சங்குகள். மேலே ஒரு கண்ணாடித் துண்டு, காற்றுக்கு ஒரு விரல் இடைவெளி, அதன்மேல் நனைத்த கோணி. நண்டின் செவுள் காயாமலிருக்க உள்ளே காற்றும் ஈரமாக இருக்க வேண்டும். அதை உள்ளே விட்டோம். அது ஜாடியின் நான்கு பக்கமும் நடந்தது. கடல்நீரில் கொடுக்கை நனைத்து வாய்க்குக் கொண்டுபோனது. பிறகு நல்ல நீரில். அம்மையார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

கோடை முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனேன். பெரும்பாலும் இரவுப் பணி முடிந்து சென்னையிலிருந்து முதல் ரயிலில் போய் விடிகிற நேரத்தில் இறங்குவேன். அந்த நேரத்தில்தான் நண்டு நடமாடும். வயல்களின் மேல் எஞ்சின் புகை தாழ்ந்து கிடக்கும். கதவைத் தட்டாமல் உள்ளே போய் ஜாடி முன் உட்காருவேன். சங்கு கண்ணாடியில் உரசும் ஓசை கேட்கும், யாரோ தூரத்தில் பாத்திரம் விளக்குவதுபோல. அது தேங்காய்க் கீற்று தின்றது. உப்பில்லாத கருவாடு தின்றது. ஒரு நாள் என் கண்ணெதிரே சங்கு மாற்றிக்கொண்டது. புதிய சங்கை உருட்டி, உள்ளே கொம்பு விட்டு அளந்து பார்த்தது. பழையதிலிருந்து உடம்பை உருவியது. சுருண்ட, இளஞ்சிவப்பான, ஓடே இல்லாத வயிறு. ஒரு கணம்தான். அதற்குள் அடுத்த சங்குக்குள் போய்விட்டது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோல் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"ரெண்டு நாளா அதுங்கூடத்தான் பேசிக்கினு இருக்கறேன்" என்றார் அம்மையார் ஒருமுறை. "தம்பி சிரிக்கிறான். சிரிச்சிட்டுப் போறான்."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட வாரம் இரண்டாவது அஞ்சலட்டை வந்தது. "நண்டைக் காணோம்."

போய்ப் பார்த்தேன். மணல் மட்டமாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் புடைத்திருந்தது. தோலுரிக்கப் போயிருக்கலாம் என்றேன். எத்தனை நாள் ஆகும் என்றார். சில வாரம், பெரிய நண்டாக இருந்தால் மாதங்கள் என்று படித்ததைச் சொன்னேன்.

"உசுரோட கீதா சார்?"

"தெரியாது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "சரி, பொய் சொல்லாம சொன்னீங்களே" என்றார்.

கார்த்திகையில் அவரால் தாங்க முடியவில்லை. நான் போயிருந்த ஒரு மாலையில் கரண்டியோடு ஜாடி முன் நின்றார். ஓரமாகத் தோண்டிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. தடுக்காமல் நின்றேன். வேலை முடிந்து வந்த தம்பி, பவுண்டரியில் வார்ப்பு ஊற்றிய அச்சுப் பெட்டியைப் பற்றிச் சொல்வதுபோல், வாசலிலிருந்தே சத்தம் போட்டார்.

"பொட்டியத் தெறக்காதக்கா! ஆறாததுக்குள்ள தெறந்தா ஊத்தினதெல்லாம் போச்சு!"

"உன் பொட்டி ஆற எத்தினி மணி நேரம்னு உனக்குத் தெரியும். இதுக்கு யாருக்குடா தெரியும்?"

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். புதுத் தோல் இறுகும்வரை மணல் சரிந்தால் நண்டு நசுங்கிவிடும் என்று மட்டும் நான் சொன்னேன். அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் தோண்டவும் இல்லை. கடல்நீரைக் கொட்டாங்குச்சியில் மாற்றிவிட்டுக் கோணியை நனைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மகன் வந்தான். இருபத்தைந்து வயது, வெயிலில் கறுத்த உடம்பு, குரல் மெல்லியது. நான் மறுநாள் போனேன். சின்ன நண்டு செத்ததை அம்மா சொல்லியிருந்தார். எப்படிச் செத்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார். சொன்னேன். விளம்பரம், மூன்று அங்குலம், கடைசி இரண்டு வரி, எல்லாம். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எடம் காலியாவே வுட்டிருக்கலாமே சார்" என்றான்.

ஜாடிக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கண்ணாடியில் காதை வைத்தான். அந்தமானில் மழை விட்ட சாயங்காலங்களில் இவை காட்டுக்குள்ளிருந்து கூட்டமாகக் கடலுக்கு இறங்கி வரும் என்றான். உதிர்ந்த இலைமேல் அவை நடக்கிற சத்தத்தை மழை திரும்ப வருவதாக நினைத்து இவர்கள் கூடாரத்துக்கு ஓடுவார்களாம். மோல்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தாண்டுக்கு மறுநாள் அவனுக்குக் கப்பல். வழியனுப்ப வருவதாகச் சொல்லியிருந்ததால் காலையிலேயே அங்கே இருந்தேன். தகரப்பெட்டி வாசலில் இருந்தது. ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவன் ஜாடி முன் குந்தி உட்கார்ந்தான்.

"தோண்டிப் பாத்துடலாம்மா. செத்திருந்தாலும் பரவால்ல. ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன்."

நானும் மோல்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு வாரத்துக்கு முன்பு கரண்டியோடு நின்றவர் அவன் அம்மா. மகனுக்காகத்தான் எட்டு மாதம் இதைக் காத்தது. மகனே கேட்கிறான்.

"வேணாம்" என்றார்.

"அம்மா, நான் திரும்ப எப்ப வருவனோ."

"வர்றப்போ வா. இருந்தா பாரு. நீ பாக்கறதுக்கோசரம் அத நான் வெளிய இழுக்க மாட்டேன்." மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "அது உள்ள இன்னா கஷ்டத்துல கீதோ. முடிச்சிக்கினு அதுவா வரட்டும்."

அவன் அம்மாவின் கையைப் பார்த்தான். எழுந்துகொண்டான். முகத்தில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. ரயில் நிலையத்தில் அவன் ஜன்னலிலிருந்து கையை நீட்டி அம்மாவின் தோளைத் தொட்டான். வண்டி நகர்ந்த பிறகும் அந்தக் கை கொஞ்ச தூரம் நீட்டியபடியே போனது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் போய் இறங்கினேன். பனியில் ஆலையின் புகைபோக்கி பாதிக்கு மேல் இல்லை. கதவு திறந்திருந்தது. அம்மையார் ஜாடி முன் உட்கார்ந்திருந்தார். வாயில் விரல் வைத்து என்னை நிற்கச் சொன்னார்.

மணலில் உருண்டையாக ஒரு துளை. அதன் சுவர் சரியவில்லை; வார்ப்புபோல் நின்றது. கடல்நீர்க் கொட்டாங்குச்சியின் விளிம்பில் நண்டு இருந்தது. ஓடு நனைந்த பளபளப்பில் இருந்தது. ஊதா வெளுத்து, கால்களின் நுனியில் ஏறக்குறைய நீலம். கொம்புகள் முன்பைவிட நீளம். கொடுக்கை நீரில் நனைத்து வாயில் வைத்தது. மறுபடி நனைத்தது. அவ்வளவு மெதுவாக யாரும் எதையும் குடித்து நான் பார்த்ததில்லை.

"நேத்து சாயங்காலமே வந்துடுச்சி" என்றார் மெல்ல. "தூங்கவே இல்ல நானு."

மடியில் அஞ்சலட்டையும் பென்சிலும் இருந்தன. மகனுக்கு நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார். உங்க கையெழுத்துல போனா அவன் நம்ப மாட்டான்."

பென்சில் முனையை நாக்கில் தொட்டு, ஜாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் எழுத்தைப் போட்டார்.